மான்செஸ்டரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீங்கள் கேட்டது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"சொந்தக் குழு வைத்திருந்தவள் இப்போது வேறு ஒருத்திக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசிக்கிறாயே, போஸ்டரில் உன் பெயர்கூட இல்லையே" என்று கேட்டீர்கள். என் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டீர்கள், தெரியும். ஆனால் நான் கீழே இறங்கிவிட்டதாக நீங்கள் நினைக்க வேண்டாம். இங்கே இது ஒரு முழுத் தொழில். கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிப்பவரை நீங்கள் எவ்வளவு மரியாதையோடு பேசுவீர்கள்! அந்த இடத்தில்தான் இப்போது நான் இருக்கிறேன்.

எங்கள் குழுவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனியின் துணை இல்லாமல் தாங்களே பாட்டு எழுதி, லேபிள் என்கிற சின்னப் பாட்டு வெளியீட்டுக் கம்பெனி வழியாகவோ கைக்காசு போட்டோ வெளியிடுகிறவர்களைத்தான் இங்கே இண்டி என்பார்கள். மான்செஸ்டரில் அப்படிப்பட்ட குழுக்களுக்குக் குறைவே இல்லை. ஒரு பழைய வேனில் டிரம்ஸ், ஆம்ப் என்கிற கிட்டார் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் நால்வரும் ஊர் ஊராகப் போனோம். லீட்ஸில் புருடெனெல் சோஷியல் கிளப், கிளாஸ்கோவில் கிங் டட்ஸ். கிங் டட்ஸில் 300 பேர்தான் நிற்கலாம். 1993இல், பின்னால் பெரும் புகழ் பெற்ற ஒயாசிஸ் குழு அங்கே வாசித்ததைக் கேட்டுத்தான் லேபிள்காரர் ஆலன் மெக்கீ அவர்களைத் தன் லேபிளுக்கு அழைத்தார். அதனால் அந்த மேடையில் ஏறுகிற எந்தக் குழுவும் கூட்டத்தில் அப்படி ஒருவர் நிற்கிறாரா என்று ஒரு தடவையாவது பார்க்கும். எங்களுக்கு அப்படி யாரும் வரவில்லை. ஆனால் முன்வரிசையில் நின்று எங்கள் பாட்டை எங்களோடு சேர்ந்து பாடினார்களே, அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை.

பணம்தான் நிற்கவில்லை. டிக்கெட் காசில் அரங்கின் செலவும் சவுண்ட் இன்ஜினியரின் சம்பளமும் முதலில் போய்விடும். டீசலும் போட்ட பிறகு மிச்சத்தை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றும் தேறாது. வாசிக்கிற இடங்களும் குறைந்துகொண்டே வந்தன. மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அமைப்பின் கணக்குப்படி பிரிட்டனில் 2023இல் மட்டும் 125 சின்ன அரங்குகள் கச்சேரி நடத்துவதை நிறுத்திவிட்டன. எங்கள் டிரம்மருக்குக் குழந்தை பிறந்தது, பாடகருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. சண்டை எதுவும் இல்லை, இன்றும் பேசிக்கொள்கிறோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பாடகியின் டூருக்கு அழைப்பு வந்தது. அவருடைய கிட்டாரிஸ்டுக்கு மணிக்கட்டில் அடிபட்டிருந்தது. இங்கே ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் வாசிப்பதை 'டெப்' என்பார்கள். ஒத்திகைக்குள் முழுப் பாட்டுப் பட்டியலையும் கற்றுக்கொள்ள வேண்டும். கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம், தெரிந்தால் போதும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். கார்டு எளிது, அப்பா. ரெக்கார்டிங்கில் ஒரே பாட்டுக்கு நாலைந்து கிட்டார்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். மேடையில் எனக்கு இருப்பதோ இரண்டு கை. அந்த நாலைந்தில் எது இல்லாவிட்டால் பாட்டு பாட்டாக இருக்காதோ அதைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். சத்தமாகக் கேட்கிற கிட்டாரே அதுவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் மெல்ல ஓடுகிற இரண்டு சுரம்தான் ஜனங்களின் காதில் நின்றிருக்கும். தந்திகளுக்கு எந்த டியூனிங், கழுத்தில் எந்த ஃப்ரெட் கட்டையில் கேப்போ என்கிற கவ்வியை மாட்டுவது, எந்த வரியில் ஒலியை மாற்றுகிற எந்தப் பெடலை மிதிப்பது, இவையெல்லாம் காலுக்கும் கைக்கும் பழகினால்தான் மேடையில் தலையை நிமிர்த்திப் பாடகியின் முகத்தைப் பார்க்க முடியும். பார்த்தே ஆக வேண்டும். அவர் ஒரு வரியை இழுத்துப் பாடினால் நான் காத்திருக்க வேண்டும், குரல் கொஞ்சம் களைத்திருந்தால் நான் அடங்கி வாசிக்க வேண்டும். சொந்தக் குழுவில் இருந்த நாட்களில் இவ்வளவு உன்னிப்பாக நான் யாரையும் கேட்டதில்லை.

ஜானி மார் என்ற பெயரை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். இந்த ஊர்க்காரர்தான். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளை. 1982இல் தி ஸ்மித்ஸ் குழுவைத் தொடங்கினார். 1987இல் அதை விட்டு வெளியே வந்தபோது அவருக்கு 23 வயதுதான். அத்தோடு முடிந்தது என்று பலர் நினைத்திருப்பார்கள். அவர் தி தி குழுவில் வாசித்தார், நியூ ஆர்டர் குழுவின் பெர்னார்ட் சம்னரோடு சேர்ந்து எலக்ட்ரானிக் என்ற குழுவைத் தொடங்கினார். 2006இல் அமெரிக்காவின் மாடஸ்ட் மவுஸ் குழுவில் சேர்ந்தார், அடுத்த ஆண்டு அவர்களுடைய ஆல்பம் அங்கே முதலிடத்துக்கு வந்தது. அப்புறம் தி கிரிப்ஸ் குழு. 2013இல்தான் தன் சொந்தப் பெயரில் தனி ஆல்பம் போட்டார். அடுத்தவர் பாட்டுக்குள் போய் உட்கார்ந்து, அதைக் கெடுக்காமல் தன் கையெழுத்தையும் விட்டுவிட்டு வருகிற அந்தக் கலையை நான் மனதார மதிக்கிறேன். பேட் ஸ்மியர் என்ற கிட்டாரிஸ்டும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸ் பங்க் குழுவான ஜெர்ம்ஸில் இருந்தவர், 1993இல் நிர்வாணா குழுவின் டூரில் இரண்டாவது கிட்டாராகப் போனார்.

டூர் நாட்கள் எப்படிப் போகும் என்று அம்மா கேட்டார்கள். ராத்திரி முழுக்க பஸ் ஓடும். மாடி பஸ்ஸில் அடுக்கடுக்காகப் படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. பஸ் போகிற திசையில் கால் நீட்டித்தான் படுக்க வேண்டும். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் தலையும் கழுத்தும் தப்பிக்கும். காலையில் கண் விழித்தால் வேறு ஊர். டூர் மேனேஜர் ஒட்டிவைத்த தாளில் சாமான் இறக்குகிற நேரம், சவுண்ட் செக், சாப்பாடு, மேடையேறுகிற நேரம் எல்லாம் இருக்கும். சவுண்ட் செக்குக்கும் கச்சேரிக்கும் நடுவே வெறும் காத்திருப்புதான். அந்த நேரத்தில் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. நான் பெரும்பாலும் தூங்குகிறேன்.

இதுவரை வாசித்த இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கிளாஸ்கோவின் பாரோலேண்ட். 1934இல் திறந்த நடனக்கூடம், 1958இல் தீயில் போய், 1960இல் மறுபடி திறந்தது. ஆட்டத்துக்காகவே போட்ட ஸ்பிரிங் தரை. கூட்டம் சேர்ந்து குதித்தால் கூடமே குதிப்பது போல இருக்கும்.

காதைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். காதின் அச்சு எடுத்துச் செய்த இயர்போன் வழியாகத்தான் மேடையில் கேட்கிறேன், சத்தத்தை நானே அளவாக வைத்துக்கொள்கிறேன். வேலையிடத்துச் சத்தம் சராசரியாக 85 டெசிபலை எட்டினால் காதுக்குக் காப்பு கட்டாயம் என்ற சட்டம் 2008 முதல் இசைத் தொழிலுக்கும் இங்கே பொருந்தும்.

இப்போது சம்பளம். டூருக்கு வாராவாரம் பேசிய தொகை வரும், தினப்படி தனி. பாட்டு எழுதியவருக்குப் போகிற உரிமைப் பணத்தில் எனக்குப் பங்கு இல்லை. அது நியாயம்தான், அது அவருடைய பாட்டு. ரெக்கார்டிங்கில் வாசித்தால் மட்டும், அது ரேடியோவில் ஒலிக்கும்போது பிபிஎல் என்ற அமைப்பின் வழியாக வாசித்தவர்களுக்கும் ஒரு பங்கு வரும். இசைக்கலைஞர் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். 1893இல் இதே மான்செஸ்டரில் தொடங்கிய சங்கம் அது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்த்துச் சொல்கிறார்கள். டூர் இல்லாத மாதங்களில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வரிக் கணக்கை ஜனவரி 31க்குள் நானே தாக்கல் செய்ய வேண்டும், அதற்கென்று தனியாகப் பணம் எடுத்து வைத்துவிடுகிறேன்.

அடுத்தது ஐரோப்பா. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகு இது பெரிய எழுத்து வேலையாகிவிட்டது. குழுவில் உள்ள பிரிட்டிஷ்காரர்கள் விசா இல்லாமல் 180 நாட்களில் 90 நாள் அங்கே இருக்கலாம், வேலை செய்யும் அனுமதிக்கு மட்டும் நாட்டுக்கு நாடு விதி வேறு. நம் பாஸ்போர்ட்டுக்கோ ஷெங்கன் விசாவும் வேண்டும். எல்லோருக்கும் முன்னால் நான்தான் காகிதங்களோடு வரிசையில் நிற்பேன். லாரியில் தனியாகப் போகிற சாமான்களுக்கு கார்னே என்ற சுங்கப் பட்டியல் வேண்டும், ஒவ்வொரு ஆம்பின் எண்ணும் எடையும் விலையும் அதில் இருக்க வேண்டும். இதெல்லாம் அலுப்பான வேலைதான். ஆனால் மேடையில் நிற்கிற அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக எத்தனை படிவம் வேண்டுமானாலும் நிரப்புவேன்.

என் பாட்டுகளை விட்டுவிட்டேனா என்றும் கேட்டீர்கள். விடவில்லை. பஸ்ஸின் பின்பக்க அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிவு செய்ய அவசரப்படவில்லை. அடுத்தவர் பாட்டுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று தினமும் உள்ளே இருந்து பார்ப்பதால், முன்பு எழுதியதைவிட இவை நன்றாக இருக்கின்றன என்றே தோன்றுகிறது.

கிளாஸ்கோ கச்சேரியின் வீடியோவைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பார்க்கும்போது நான் மேடையின் வலது பக்கம் இருப்பேன், விளக்கு என் மேல் அதிகம் விழாது. இரண்டாவது பாட்டில் குரல் தொடங்குவதற்கு முன் கிட்டார் தனியாக வரும். அது நான். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள், எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்