தசை அளவுகளைப் பூட்டி வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

நடக்கும்போது எந்தத் தசை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிட ஓப்பன்சிம் மென்பொருள் 2007 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. சரி, அதற்குள் போடும் தசை அளவுகள்? 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 21 சடலங்களின் கால் தசைகளைப் பிரித்து, எடையும் இழை நீளமும் அளந்து வெளியிட்டார்கள். அருமையான உழைப்பு, இன்றும் பலர் அதைத்தான் நம்பியிருக்கிறோம். ஆனால் அந்த உடல்களின் சராசரி வயது 83! பத்து வயதுப் பிள்ளையின் காலுக்கு அது எப்படிப் பொருந்தும்?

பல ஆய்வுகளில் சராசரி மட்டும்தான் அச்சாகிறது. ஒவ்வொரு உடலின் அளவும் யாரோ ஒருவரின் கணினியில் முடங்கிவிடுகிறது. தானமாக வந்த உடல் ஐயா அது. பெயரை நீக்கிவிட்டு, வயது, உயரம், எடையோடு அந்த எண்களை எல்லோருக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்