கழிவில் பிழைக்கும் ஈஸ்டைக் கழிவிலேயே தேடுங்கள்

எரிபொருளுக்கான ஈஸ்ட் ரகங்களை உருவாக்கும் ஆய்வுக் குழுக்களுக்கும், அந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவோருக்கும்,

வணக்கம். நொதித்தல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். எங்களிடம் ஒரு ரகம் இருந்தது. ஒரு கிராம் குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 0.51 கிராம் எத்தனால்தான் எடுக்க முடியும். சுத்தமான சர்க்கரைக் கரைசலில் அந்த எல்லையை அது கிட்டத்தட்டத் தொட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் அதையே மரக்கூழ் ஆலையின் கழிவுச்சாற்றில் விட்டோம். இரண்டு நாள் காத்திருந்தும் ஒரு குமிழிகூட வரவில்லை.

அந்தச் சாற்றில் சர்க்கரைக்குக் குறைவில்லை. மரத்தையோ வைக்கோலையோ சூட்டிலும் அமிலத்திலும் உடைக்கும்போது சர்க்கரையோடு ஃபர்ஃபுரால், அசிட்டிக் அமிலம், மரத்துக்கு உறுதி தரும் லிக்னினிலிருந்து வரும் பீனால் சேர்மங்கள் என்று ஈஸ்டை முடக்கும் நச்சுகள் எல்லாம் சேர்ந்தே வெளிவருகின்றன. அசிட்டிக் அமிலம் செய்வதை மட்டும் பாருங்கள். அமிலத்தன்மை கூடிய சாற்றில் அது பிரியாத மூலக்கூறாக ஈஸ்ட் செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகிறது. உள்ளே போனதும் பிரிந்து புரோட்டானை விடுகிறது. அதை வெளியேற்றவே செல் தன் ஆற்றலைச் செலவழிக்கிறது. வளர மிச்சம் இருப்பதில்லை. இதே நேரத்தில் ஃபர்ஃபுராலையும் வீரியம் குறைந்த ஆல்கஹாலாக மாற்றியாக வேண்டும். இவற்றைத் தனித்தனியாகத் தாங்கும் ரகம்கூட, சேர்ந்து வரும்போது விழுந்துவிடுகிறது.

அதனால்தான் கேட்கிறேன்: சுத்தமான வளர்ப்புக் கரைசலில் ஒரே ஒரு நச்சைக் கலந்து தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு ‘தாங்குதிறன் மிக்க ரகம்’ என்று பெயர் வைக்காதீர்கள். தேர்வை உண்மையான கழிவுச்சாற்றில் நடத்துங்கள். ஆலைக் கழிவு வாரத்துக்கு வாரம் மாறும், அளவீடுகள் ஒத்துவராது, கட்டுரை எழுதச் சிரமம். எல்லாம் தெரியும். ஆனால் ஈஸ்ட் பிழைக்க வேண்டியது அந்த மாற்றத்துக்குள்தானே?

அடுத்தது இனக்கலப்பு. ஈஸ்டின் வாழ்க்கைச் சுழற்சியை 1930களில் விளக்கிய டென்மார்க் விஞ்ஞானி வின்கே, அங்குள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ரகங்களைக் கலந்தும் காட்டினார். இன்றும் அது பழைய முறை என்று ஒதுக்கக்கூடியதல்ல. மரத்திலிருந்தும் வைக்கோலிலிருந்தும் வரும் சைலோஸ் சர்க்கரையை நொதிக்கும் திறன் நம் வழக்கமான ஈஸ்டுக்கு இயல்பில் இல்லை. அதற்கு வெளியிலிருந்து மரபணு கொண்டுவரத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தாங்குதிறன் அப்படியல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து தருவது அது. ஒன்றைச் செருகி எல்லாவற்றையும் எதிர்பார்ப்பதைவிட, இரண்டு முரட்டு ரகங்களைக் கலந்து, பிறக்கும் ஆயிரக்கணக்கான வாரிசுகளைச் சாற்றில் விட்டுப் பார்ப்பது மேல். ஆலை ரகங்கள் பல, கலப்புக்குத் தேவையான வித்துகளை எளிதில் உண்டாக்காது என்பது உண்மைதான். அந்தப் பொறுமைக்கும் நிதித் திட்டத்தில் இடம் வையுங்கள்.

பிரேசிலின் எத்தனால் ஆலைகளில் ஈஸ்டை வீணாக்காமல், கந்தக அமிலத்தால் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். வெளியிலிருந்து வாங்கி இட்ட ரகங்களைக் காட்டு ஈஸ்டுகள் சீக்கிரமே விரட்டிவிட்டன. அப்படித் தொட்டிகளைக் கைப்பற்றியவற்றிலிருந்து பிரித்தெடுத்தவைதான் இன்று பரவலாகப் பயன்படும் பிஇ-2, கேட்-1 ரகங்கள். எந்த ஆய்வகமும் திட்டமிட்டு உருவாக்கியவை அல்ல. இது நினைவுக்கு வரும்போதெல்லாம், தொட்டி கழுவும்போது சாக்கடையில் போகும் ஈஸ்ட் வண்டலை எண்ணி மனசு பதறுகிறது. கழுவுவதற்கு முன் ஒரு குப்பி எடுத்து உறைநிலையில் வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அடுத்த நிதி அறிவிப்பில் மூன்று நிபந்தனைகளைச் சேருங்கள். ஒவ்வொரு ரகமும் குறைந்தது இரண்டு வெவ்வேறு ஆலைகளின் சாற்றில், நச்சு நீக்காமல் சோதிக்கப்பட வேண்டும். ஆலைத் தொட்டிகளிலிருந்து எடுத்த மாதிரிகள் பொதுச் சேமிப்பில் இருக்க வேண்டும். தோற்றுப்போன ரகங்களின் முடிவுகளையும் வெளியிட வேண்டும். எங்கள் ரகம் தோற்றதை நாங்கள் வெளியிடவில்லை. அது தெரியாமல் வேறு யாரோ அதே இரண்டு நாளைக் காத்திருந்து கழித்திருப்பார்கள்.

அன்புடன்,
நொதித்தல் ஆய்வகத்தின் பழைய ஊழியன்