மரண வாக்குமூலம்: கோட்டை விடுவது படுக்கையருகில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இறந்தவர் தன் சாவுக்குக் காரணம் பற்றிச் சொல்லிவிட்டுப் போனதுதான் மரண வாக்குமூலம். கொலை வழக்கில் அது ஏற்கப்படாமல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானால், சட்டத்தில் ஓட்டை என்று பேசுகிறோம். சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 32-வது பிரிவில் இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 26-வது பிரிவில் இருக்கிறது. வாக்குமூலம் நம்பும்படி இருந்தால் அதை மட்டுமே வைத்துத் தண்டிக்கலாம் என்று குஷால் ராவ் வழக்கில் 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கைக் கோட்டை விடுவது ஆஸ்பத்திரிப் படுக்கையருகில்தான்.

தீக்காயத்தோடு வரும் பெண்ணின் விபத்துப் பதிவேட்டில் 'சமைக்கும்போது ஸ்டவ் வெடித்தது' என்று முதல் வரி விழுகிறது. அதைச் சொன்னது அவரா, தூக்கி வந்த கணவரா, மாமியாரா? பல பதிவேடுகளில் அது இருப்பதில்லை. மறுநாள் பெற்றோர் வந்தபின், வாக்குமூலம் பதிய வரும் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) அந்தப் பெண் கணவர் பெயரைச் சொன்னால், இரண்டும் முரண் என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். சொன்னவர் இறந்துவிட்டார், குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. எனவே எந்த வாக்குமூலம் யார் பக்கத்தில் இருக்கும்போது சொல்லப்பட்டது, ஏன் மாறியது என்று நீதிமன்றம் துருவித்தான் பார்க்கும். 'உடன் வந்தவர் இன்னார், விவரம் சொன்னவர் இன்னார்' என்று டூட்டி டாக்டர் எழுதும் ஒரு வரி அங்கே வழக்கையே காப்பாற்றும்.

அடுத்தது மனநிலைச் சான்று. டாக்டர் சான்று இல்லை என்பதற்காக மட்டும் வாக்குமூலத்தைத் தள்ள முடியாது என்று 2002-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு லட்சுமண் வழக்கில் தீர்ப்பளித்தது. அதை நம்பிச் சான்றையே விட்டுவிடுவது ஆபத்து. 'சுயநினைவோடு இருக்கிறார்' என்பதும் போதாது. கேள்வியைப் புரிந்து பதில் சொல்லும் நிலையில் இருந்தார் என்று, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நேரம் போட்டு எழுத வேண்டும். பெத்திடின், மார்பின் போன்ற வலி நிவாரண ஊசி எத்தனை மணிக்கு, எவ்வளவு போடப்பட்டது என்பது கேஸ் ஷீட்டில் இல்லாவிட்டால், மயக்கத்தில் பேசினார் என்ற வாதத்துக்கு அரசுத் தரப்பிடம் பதில் இருக்காது.

நடுவர் முதலில் உறவினரையும் போலீசாரையும் வெளியே அனுப்ப வேண்டும். பெயர் என்ன, இது எந்த இடம், நான் யார் என்று கேட்டு, அந்தப் பதில்களையும் எழுத வேண்டும். பிறகு 'என்ன நடந்தது?' என்றுதான் கேட்க வேண்டும், 'வீட்டுக்காரர்தான் கொளுத்தினாரா?' என்று கேட்டால் பதிலை நாமே எடுத்துக்கொடுத்ததாகிவிடும். அவர் 'ஊத்திப் பத்தவச்சிட்டாரு' என்றால் அப்படியே எழுதுங்கள். 'மேற்படி எதிரி முன்விரோதம் காரணமாக' என்று உயிருக்குப் போராடும் எவரும் பேசுவதில்லை. பேச முடியாதவரிடம் கேட்டால், ஒவ்வொரு கேள்வியையும் அதற்கு அவர் காட்டிய சைகையையும் எழுத வேண்டும். கழுத்து அறுபட்ட பெண்ணின் சைகையை அலகாபாத் உயர் நீதிமன்ற முழு அமர்வு 1885-லேயே ஏற்றிருக்கிறது.

கைரேகையிலும் கவனம் வேண்டும். கட்டைவிரல்கள் இரண்டும் கருகியதாக மருத்துவர் சொன்ன பஞ்சாப் வழக்கொன்றில், வாக்குமூலத்தில் ரேகைகள் தெளிவாகப் பதிந்திருந்தன. 1998-ல் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. விரல் கருகியிருந்தால், எந்த விரலில், எந்தப் பகுதியில் பதிவு எடுத்தோம், அல்லது ஏன் எடுக்கவில்லை என்று குறிப்பு எழுதுங்கள்.

போலீஸ் எழுதிய வாக்குமூலமும் செல்லும். ஆனால் நேரம் இருந்தும் நடுவரை ஏன் அழைக்கவில்லை என்ற கேள்வி வரும். தகவல் கொடுத்த நேரத்தை ஆஸ்பத்திரியும் காவல் நிலையமும் தனித்தனியே பதிய வேண்டும். செல்போனில் வீடியோ எடுத்தால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரே பக்கப் படிவமாக அச்சிட்டு, எல்லா அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் வைக்க அரசு உத்தரவிட வேண்டும். காயமடைந்தவர் பிழைத்துக்கொண்டால் அது மரண வாக்குமூலம் ஆகாது. அவரே கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். அப்போதும் முதலில் ஒழுங்காக எழுதிய அந்தப் பக்கம் அவர் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்