இன்சுலின் கதையில் விட்டுப்போன ஒருவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இன்சுலின் வரலாற்றுக் கட்டுரையைக் காலையில் ஊசி போட்டுக்கொண்ட கையோடு படித்தேன். 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்துச் செய்த சோதனை, 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி, கேம்பிரிட்ஜில் ஃபிரெட் சாங்கர் மாட்டு இன்சுலினின் கட்டமைப்பைப் பிரித்துப் பார்த்து 1958இல் நோபல் வாங்கியது என்று எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. ஆனால் அங்கிருந்து ஒரே தாவலில் 1978க்கு, அமெரிக்க மரபணு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார் கட்டுரையாளர். நடுவே ஒரு படி இருக்கிறது. அதில் நிற்கிறவர்களில் ஒருவர் சியரா லியோன் நாட்டுக்காரர், டேவிட்சன் நிக்கோல். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் அவருக்குத் தினமும் ஊசி. கண்ணாடி சிரிஞ்சை அம்மா தனி அலுமினியச் சட்டியில் வேக வைப்பாள். அந்தச் சட்டியில் வேறு எதுவும் செய்யக்கூடாது. அப்பாவின் இரண்டு தொடையிலும் ஊசி போட்ட இடமெல்லாம் கட்டைவிரலால் அமுக்கியதுபோலக் குழி விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. நான் கல்லூரியில் வேதியியல் சேர்ந்த பிறகுதான் புட்டி லேபிளில் 'போவைன்' என்று இருந்ததைப் படித்துப் புரிந்துகொண்டேன். மாட்டிலிருந்து எடுத்தது! அப்பாவிடம் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இன்று என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், கறிவேப்பிலைக் கட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற புட்டியில் 'ஹியூமன் இன்சுலின்' என்று போட்டிருக்கிறது. என் தொடையில் குழி இல்லை. அந்த 'ஹியூமன்' என்ற சொல்லுக்குள்தான் நிக்கோல் இருக்கிறார்.

இன்சுலின் என்பது 51 மணிகள் கோத்த இரட்டைச் சரம். ஒன்றில் 21 மணி, மற்றதில் 30. சாங்கர் மாட்டின் சரத்தை எடுத்து ஒவ்வொரு மணியும் எந்த அமினோ அமிலம் என்று வரிசைப்படுத்தினார். இன்சுலினைச் சுரக்கிற உறுப்பு கணையம். மாட்டுக் கணையம் கசாப்புக்கூடத்தில் கிடைக்கும். மனிதக் கணையத்துக்கு எங்கே போவது? இறந்தவர்களிடம் எடுத்தால்தான் உண்டு. அந்தக் கொஞ்சப் பொருளை வைத்துக்கொண்டு மனித இன்சுலினின் வரிசையை நிக்கோலும் எல். எஃப். ஸ்மித் என்பவரும் சேர்ந்து 1960இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். மாட்டுக்கும் நமக்கும் 51இல் 3 மணிதான் வேறு. பன்றிக்கும் நமக்கும் ஒரே ஒரு மணி: நீளச் சரத்தின் கடைசியில் நமக்குத் திரியோனின், பன்றிக்கு அலனின். 1978இல் அமெரிக்காவில் செய்தது என்ன? தெரிந்திருந்த மனித வரிசைக்கு ஏற்றாற்போல டிஎன்ஏவை வேதியியல் முறையில் கோத்து, அதை பாக்டீரியாவுக்குள் நுழைத்து, மனித இன்சுலினைச் செய்ய வைத்தார்கள். வரிசை தெரியாமல் எதைக் கோப்பது?

உடனே யாரும் இவரை 'இன்சுலினைக் கண்டுபிடித்த ஆப்பிரிக்கர்' என்று எழுதிவிட வேண்டாம். அதுவும் தப்பு. வழியைப் போட்டவர் சாங்கர். கூடவே ஸ்மித்தும் உழைத்திருக்கிறார். அளவோடு சொன்னாலே நிக்கோலுக்குப் போதிய பெருமை இருக்கிறது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1924இல் சியரா லியோனின் தலைநகர் ஃபிரீடவுனில், கிரியோ (விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த சமூகம்) குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் டார்வின் படித்த அதே கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் படித்து 1946இல் பட்டம் வாங்கினார். கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பில் தேறிய முதல் ஆப்பிரிக்கர் என்று இவரைச் சொல்வார்கள். பிறகு லண்டனில் மருத்துவம், நைஜீரியாவின் இபாதானில் மருத்துவக் கல்லூரி வேலை, திரும்பவும் கேம்பிரிட்ஜில் இன்சுலின் ஆய்வு. 1957இல் கிறைஸ்ட்ஸ் கல்லூரியே அவரை ஃபெல்லோவாக, அதாவது தன் அறிஞர் குழுவில் ஒருவராக, தேர்ந்தெடுத்தது. இவ்வளவுக்கும் நடுவில் அபியோசே நிக்கோல் என்ற பெயரில் சிறுகதையும் கவிதையும் வேறு எழுதிக்கொண்டிருந்தார். மனுஷன் எப்போது தூங்கினாரோ!

அந்த நிலையில் இருக்கிற ஒருவர் என்ன செய்வார்? சாங்கரின் ஊரிலேயே தங்கியிருப்பார். இவர் ஊர் திரும்பினார். ஃபிரீடவுனில் நோயியல் மருத்துவராக வேலை பார்த்தார். நேச்சர் கட்டுரை வந்த அதே 1960இல் ஃபூரா பே கல்லூரிக்கு முதல்வரானார். அந்தக் கல்லூரி சாதாரணப்பட்டதல்ல. 1827இல் தொடங்கியது. அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரான சாமுவேல் அஜயி குரோதர் அங்கே முதல் மாணவர்களில் ஒருவர். 1876 முதல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகப் பட்டத்தையே அங்கே கொடுத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து படித்தார்கள். நூற்று முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்த மண்ணில் பிறந்த ஒருவர் அதன் நாற்காலியில் உட்கார்ந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் நாடு விடுதலை பெற்றது.

ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு நிர்வாகத்துக்குப் போனது அறிவியலுக்கு நஷ்டம் என்று நான் ரொம்ப நாள் நினைத்ததுண்டு. முப்பது வருஷம் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். ஒரு நல்ல ஆசிரியரைத் தலைமையாசிரியராக்கினால் வகுப்புக்கு ஆள் போச்சு என்பது என் அனுபவம். ஆனால் 1961இல் ஒரு புது நாட்டில் இருந்து யோசித்தால் கணக்கு வேறு. கல்லூரியை நடத்த ஆள் வேண்டும். இருக்கிற சிலரில் ஒருவர் இன்சுலினோடு இங்கிலாந்தில் உட்கார்ந்திருந்தால் ஃபிரீடவுனுக்கு யார்?

1966இல் சியரா லியோன் பல்கலைக்கழகம் உருவானபோது அதற்கும் துணைவேந்தரானார். காலம் நன்றாக இல்லை. 1967 மார்ச்சில் சியாகா ஸ்டீவன்ஸ் பிரதமராகப் பதவியேற்ற சூட்டோடு ராணுவம் புகுந்தது. அடுத்த ஏப்ரலில்தான் அவர் மீண்டும் பதவிக்கு வந்தார். நிக்கோல் 1968இல் பல்கலைக்கழகத்தை விட்டார். 1969இல் நியூயார்க் போனார், ஐ.நா.வில் நாட்டின் நிரந்தரப் பிரதிநிதியாக.

போன நேரம் அப்படி. 1970, 71 இரண்டு ஆண்டும் சியரா லியோன் பாதுகாப்பு அவையில் உறுப்பினர். சிறுபான்மை வெள்ளையர் ஆண்ட ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) அப்போது பெரிய தலைவலி. ஐ.நா. வரலாற்றில் அமெரிக்கா முதல்முறையாக வீட்டோ போட்டது 1970 மார்ச்சில், இந்த ரொடீசியா தீர்மானத்தின்மேல்தான். ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கொண்டுவந்த தீர்மானம் அது, அவற்றில் சியரா லியோனும் ஒன்று. சின்ன நாட்டின் தூதர் ஒருவர் எதிரே வல்லரசு கையைத் தூக்குகிறது. வாக்கு எண்ணி முடித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த அவையின் தலைவர் பதவி எப்படி நடக்கிறது, எப்படி நடக்க வேண்டும் என்று பின்னாளில் அவர் ஒரு நூலையே தொகுத்தார் என்றால் காரணம் எனக்குப் புரிகிறது.

அப்புறம் லண்டனில் ஹை கமிஷனர், அதாவது நாட்டின் தூதர். 1972இலிருந்து பத்து ஆண்டு, துணைப் பொதுச்செயலாளர் தகுதியில், ஐ.நா.வின் பயிற்சி மற்றும் ஆய்வு நிறுவனமான யூனிட்டாரின் தலைவர். அதை முடித்துக்கொண்டு அவர் இறங்கிய 1982இல்தான் பாக்டீரியா செய்த மனித இன்சுலினை விற்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1994 செப்டம்பரில், 70 வயதில், கேம்பிரிட்ஜில் காலமானார்.

இவரைத் தேடிப் படித்தபோது ஒன்று கவனித்தேன். ராஜதந்திரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்சுலினை ஒரு வரியில் தாண்டுகிறார்கள். இலக்கியக்காரர்களுக்கு அவர் அபியோசே மட்டும்தான். மருந்தின் கதையைச் சொல்கிறவர்களோ, உங்கள் கட்டுரையாளரைப் போல, பெயரையே விட்டுவிடுகிறார்கள். நிக்கோல் இப்படி யாரையும் விட்டுவிடவில்லை. தன்னைப்போலவே மருத்துவரும் எழுத்தாளருமான, 19ஆம் நூற்றாண்டு சியரா லியோன்காரர் ஆப்பிரிக்கானஸ் ஹார்ட்டனின் எழுத்துகளைத் தேடிப் பதிப்பித்தார்.

கட்டுரைக்குத் தொடர்ச்சி உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். நேச்சரில் வந்த அந்த ஆய்வறிக்கையே மூன்று பக்கம்தான். அடுத்த பகுதியில் அதற்கு நாலு வரி ஒதுக்கினால் போதும். ஸ்மித்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோவில்பட்டி.