பூம் போல் – எது போல்?

தக்கலை
அக்டோபர் 19

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் ஓணத்துக்கு முன்பே வந்துவிட்டது. பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். ஆகவே மற்ற சமாச்சாரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, எனக்கு ஏறியிருக்கிறது. வீட்டின் மொத்தக் கணக்கில் மாற்றமில்லை. பின்விளையில் நின்ற இரண்டு தென்னையையும் வெட்டியாகிவிட்டது. நம் கூட்டாளி கோளாம்பி தன் பேரனுக்கு ட்ரம்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஊருக்கு நாம் இருவரும் செய்த பாவத்தையெல்லாம் அவன் ஒருவனே தொடர்கிறான்.

இனி காரணம். இரண்டு மாதமாக நான் ஒரு கம்பைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மருமகளை நினைவிருக்கிறதா? அக்காவின் கடைக்குட்டி. மண்டைக்காட்டுக் கொடையில் உன் தோளில் உட்கார்ந்துகொண்டு பலூனுக்கு அழுதவள். படித்துவிட்டுக் கேமராவும் கையுமாக வந்து நிற்கிறாள். குளச்சலுக்குப் பக்கத்துக் கடப்புறத்தில் இன்னும் கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறார்கள் அல்லவா, அந்தக் கிழவர்களைப் படம் எடுக்க வேண்டுமாம். எல்லாம் ஓய்ந்து போவதற்குள், வலை இழுக்கும்போது அவர்கள் பாடும் அம்பாப் பாட்டைப் பதிந்துவிட வேண்டும் என்கிறாள். “மாமா, நீங்கள் முப்பது வருடம் மைக் செட் வைத்திருந்தவர்தானே, மைக்கை நீங்கள் பிடியுங்கள்” என்றாள். மைக்கை நட்டு வைக்கத்தான் எனக்குத் தெரியும், பிடிக்கத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மாமன் என்று ஒரு மரியாதை இருக்கிறதே.

சட்டையில் குத்தும் சின்ன மைக் போதாதா என்று நீ கேட்பாய். சட்டை போட்டவருக்கல்லவா அதைக் குத்த முடியும்? இவர்கள் இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் உப்புநீர், பதினைந்து பேர் பின்னோக்கி நடந்துகொண்டே இழுக்கிறார்கள். மேலேயிருந்து மைக்கை நீட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதற்குத்தான் அந்தக் கம்பு. கடையில் அதை “பூம் போல்” என்றார்கள். போனை வைத்ததும் உன் தங்கச்சி கேட்டாள், “எது போல்?” அன்றிலிருந்து வீட்டில் அதற்கு ‘எதுபோல்’ என்றே பெயர்.

முதல் நாள் நான் செய்ததை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. பெயின்டர்கள் ரோலர் மாட்டும் நீட்டுக் கம்பு ஒன்றை மார்த்தாண்டத்தில் வாங்கி, அதன் நுனியில் நம் பழைய ஸ்டாண்டின் இரும்புக் கிளிப்பை வைத்து, சைக்கிள் ட்யூபால் சுற்றிக் கட்டி, மைக்கைச் செருகினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கரையில் இழுப்பு சூடு பிடித்ததும், எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெரியவர் பாட ஆரம்பித்தார். நாம் திருவிழாவில் ரெக்கார்டு போட்டுக் கேட்ட எதுவும் அதற்கு உறை போடக் காணாது. கயிற்றின் கனம் குரலில் ஏறி ஏறி இறங்கியது. நாற்பத்தொரு வினாடி. அதற்குள் என் கம்பின் மூட்டு மூன்று தடவை கிரீச்சிட்டது. போதாததற்கு என் கல்யாண மோதிரம் அலுமினியத்தில் டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது. காதில் ஹெட்போன் மாட்டியிருந்தும் கம்பை மாற்றிப் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் பாட்டில் மயங்கி நின்றுவிட்டேன்.

இன்னொரு முறை பாட முடியுமா என்று மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “இழுத்த மடியை மறுபடியும் இழுப்பார்களா, மகளே?” என்றார். அத்தோடு எழுந்து போய்விட்டார்.

அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

முதலில் எனக்குப் புரிந்தது, பணத்தை மைக்கில் கொட்டுவதைவிட மைக்கைக் கிட்டத்தில் கொண்டுபோவதில் போட வேண்டும் என்பது. வாயிலிருந்து 2 மீட்டரில் இருக்கும் மைக்கை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் 6 டெசிபல் ஏறும். கடலின் இரைச்சலோ எங்கு நின்றாலும் அதே அளவு. திருவிழாக் கொடிமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, பத்தடி தள்ளிப் போனால் எவ்வளவு குறைகிறது என்று நாம் காதாலேயே அளந்த கணக்குத்தான். சுலபமான விஷயத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகியிருக்கிறது.

அடுத்தது கனம். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அலுமினியம் கனம், கார்பன் லேசு, ஆகவே காசிருந்தால் கார்பன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நம் நெம்புகோல் சார் நினைவுக்கு வந்தார். ஒரு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கம்பு இரண்டரை மீட்டர், கைகளுக்கு இடையில் எழுபது சென்டிமீட்டர், நுனியில் மைக்கும் தாங்கியும் சேர்த்து அரைக் கிலோ, கம்பு ஒரு கிலோ. பின்கை கீழே அழுத்த, முன்கை மூன்று கிலோவுக்கு மேல் தாங்குகிறது! அரைக் கிலோ எடையுள்ள கார்பன் கம்புக்கு மாறினால் முன்கைக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் குறையும். சரி. ஆனால் பழைய அலுமினியக் கம்பையே வைத்துக்கொண்டு நுனியில் இருநூறு கிராம் குறைத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. நான் மாட்டியிருந்த இரும்புக் கிளிப்தான் அந்த இருநூறு கிராம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ரப்பர் வளையத்தில் மைக் தொங்கும் பிளாஸ்டிக் தாங்கியை வாங்கினேன். தோள் வலி பாதியாகிவிட்டது; கிளிப்பிலிருந்து மைக்குக்கு ஏறிய அதிர்வும் போய்விட்டது. கார்பனுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். நீ சொல்லியிருக்கலாம். ஏ.சி. அறையில் உட்கார்ந்து, படத்துக்குச் சத்தம் சேர்க்கத் தேங்காய்ச் சிரட்டையால் குதிரை ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்!

அந்தத் தாங்கியிலும் ஒரு வம்பு. நம் மைக் ஸ்டாண்டின் மரை 5/8 அங்குலம், பூம் கம்பின் மரை 3/8. அது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் வைக்கும் பித்தளைத் துண்டு ஒன்று, தாங்கியோடு வந்த பொட்டலத்திலேயே கிடந்தது.

கம்புக்குள்ளேயே வயர் ஓடும் வகையும் இருக்கிறது. பார்க்க அழகு, விலையும் அதிகம். ஆனால் கம்பைச் சட்டென்று திருப்பினால் உள்ளே வயர் குழாயில் அடிக்கும். சுருள் வயர் போட்டதில் அது குறைவாம். கெட்டுப்போனால் கம்பைப் பிரிக்க வேண்டும். எனக்கு வயரில்லாத வெறும் கம்பு போதும். வெளியே நாலு சுற்று சுற்றி, நுனியில் ஒட்டுப்பட்டையால் இறுக்கி, மைக்குக்கு முன்னால் ஒரு சின்ன வளையம் தளர்வாக விட்டால் சத்தம் ஏறாது. மைக் வயரின் முனையில் கேனன் பின் பற்றவைக்க எனக்கு ஆள் தேட வேண்டுமா என்ன?

இந்தக் கம்பு உலகில் கே-டெக், ஆம்பியன்ட் என்றெல்லாம் பெரிய சாதிகள் உண்டு, உனக்குத் தெரியாததா. ஒன்று கலிபோர்னியா, இன்னொன்று மியூனிக். விலையைக் கேட்டுவிட்டு வணக்கம் சொல்லி வந்துவிட்டேன். பிறகு இணையத்தில் “கார்பன்” என்று போட்ட மலிவான கம்பு ஒன்று கண்ணில் பட்டது. வரவழைத்தேன். கையில் பிடித்ததும் சில்லென்று இருந்தது. ஓரத்தில் நகத்தால் சுரண்டினேன். கறுப்புக் கட்டம் போட்ட தாள் உரிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம் சிரித்தது. கடைக்காரன் மூன்று வாரம் இழுத்தடித்துத்தான் பணத்தைத் திருப்பினான்.

மக்கா, இனி ஒரு விஷயம் எழுதுகிறேன், இதற்குச் சிரிக்க வேண்டாம்.

அந்தப் போலிக் கம்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக முற்றத்தில் முழு நீளத்துக்கும் நீட்டி, தலைக்கு மேல் தூக்கினேன். சமையலறையிலிருந்து உன் தங்கச்சி போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றது. அண்ணாந்து பார்த்தால் கம்பி. வீட்டுக்கு வரும் கம்பிதான், இருந்தாலும் கம்பி கம்பிதானே. பாலத்தடி அண்ணனை நினைத்துக்கொண்டேன். அன்று அந்த இரும்புக் குழாயின் மறுமுனையைப் பிடிக்க வேண்டியவன் நான். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனேன். திரும்பி வந்தபோது நீ தரையில் உட்கார்ந்திருந்தாய். நாம் இருவரும் முப்பது வருடமாக அதைப் பற்றிப் பேசியதில்லை. இன்றும் பேச வேண்டாம். ஆனால் ஒன்று: அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். கார்பனும் கடத்தும். அது பிளாஸ்டிக் மாதிரி இருப்பதால் நம் பையன்கள் அதை நம்பித் தூக்கிவிடுவார்கள். கடப்புறத்துச் சந்துகளில் கம்பி எவ்வளவு தாழ்ந்து தொங்குகிறது என்று உனக்குத் தெரியும். 11 கிலோவோல்ட் கம்பியைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே ஆபத்து. ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டது. தூரத்தில் இடி கேட்டால் அன்றைய வேலை முடிந்தது. மருமகளிடம் சொல்லிவிட்டேன்: கம்பை நீட்டும் முன் அண்ணாந்து பார்க்காதவன் கையில் அதைக் கொடுக்கக் கூடாது. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சரி, கதைக்கு வருகிறேன். கடைசியில் திருவனந்தபுரத்தில் இந்தத் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடம் பழைய கம்பு ஒன்று கிடைத்தது. அசல் கார்பன், ஐந்து துண்டு, இரண்டரை மீட்டர். நானும் கோளாம்பியும் பஸ்ஸில் போனோம். மாப்பிள்ளை வீட்டாரே அந்தப் பெண்ணை அவ்வளவு பார்த்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு துண்டாக நீட்டி, பூட்டைத் திருகி, காதோடு வைத்து உலுக்கினேன். பூட்டு வளையங்களுக்குப் பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்று கோளாம்பி டார்ச் அடித்தான். நுனியில் மைக்கை மாட்டி, எவ்வளவு வளைகிறது என்று பார்த்தோம். கடைசித் துண்டில் மட்டும் மெல்லிய கடகடப்பு. ஒவ்வொரு துண்டையும் கடைசிவரை இழுக்காமல் நாலு விரல் உள்ளே விட்டுப் பூட்டினால் அது இல்லை. அதைச் சொல்லாமல் முகத்தைச் சுளித்து வைத்து, ஒன்பதாயிரத்துக்கு முடித்தேன். ஊருக்கு வந்து மளிகைக் கடைத் தராசில் வைத்தேன்: 520 கிராம். “இதற்கா ஒன்பதாயிரம்? ஒட்டடைக் கம்பு இதைவிடக் கனமாக இருக்கிறதே” என்று கடைக்காரர் வருத்தப்பட்டார்.

போன வாரம் மறுபடியும் கடப்புறம் போனோம். மோதிரம் வீட்டில். (ஏன் கழற்றினாய் என்பதற்கு நான் சொன்ன விளக்கம் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை.) மைக்குக்கு ஒரு மயிர்ச்சட்டை, வெள்ளைக்காரன் அதற்குச் செத்த பூனை என்று பெயர் வைத்திருக்கிறான். கரையிலிருந்த நாய்களுக்கும் அதே அபிப்பிராயம். திரும்பியதும் ஈரத்துணியால் உப்பையும் மணலையும் துடைத்து, மூட்டுகளைப் பிரித்துக் காயவைத்தேன். கோளாம்பி தேங்காய் எண்ணெயோடு வந்தான், விரட்டிவிட்டேன். எண்ணெய் பட்டால் மணல் முழுவதும் அங்கேயே குடியேறிவிடும்.

பெரியவர் இந்த முறை பாடவில்லை. அன்றைக்கு மீன் மோசம். பங்கு பிரிப்பதில் சண்டை, அதைப் பதிந்தோம். கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்கூடத் துல்லியமாக விழுந்திருக்கிறது. மருமகளுக்குச் சந்தோஷம். எனக்கு அந்தப் பழைய நாற்பத்தொரு வினாடிதான் காதில் நிற்கிறது.

அதைப் பென்டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். ஒன்பதாவது வினாடியில் ஒன்று, இருபத்திரண்டில் ஒன்று, முப்பத்தாறில் ஒன்று, மூன்று கிரீச்சு. டிக் டிக்கை நீயே கண்டுபிடித்துவிடுவாய். உன் அறையில் அதையெல்லாம் சுரண்டி எடுக்க இயந்திரம் இருக்கிறது என்று சொன்னாயே. எடுத்துத் தா. ஆனால் முப்பத்தாறில் கிரீச்சுக்கு அடியில் அவர் ஒரு மூச்சு இழுக்கிறார், இழுத்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார். அந்த மூச்சும் சேர்ந்து போய்விடும் என்றால் அந்த இடத்தை மட்டும் தொடாமல் அப்படியே விட்டுவிடு.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருவாய்தானே? வந்தால் ஒரு நாள் கம்பை நீ பிடி, நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஒன்-டூ-த்ரீ