குடிக்காத அறைத்தோழரின் இரவு

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுதியில் ஒருவர் மிதமிஞ்சிக் குடித்தால், விடிய விடியக் கண்விழிப்பது குடிக்காத அறைத்தோழர்தான். வாந்தியை அள்ளுவதும், மறுநாள் தேர்வில் தூங்கி வழிவதும் அவரே.

‘தூங்கினால் தெளிந்துவிடும்’ என்று மல்லாக்கப் படுக்கவைப்பது பெரும் தவறு. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துக் கிடத்தி, மேல்காலை முட்டியில் மடக்கி, தலையைச் சற்றே பின்சாய்த்து, வாயைத் தரைப்பக்கம் திருப்ப வேண்டும். குடியை நிறுத்திய பிறகும் வயிற்றில் மிஞ்சியது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். காபியோ குளியலோ அதைக் குறைக்காது. மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே போனாலோ, உதடு நீலம்பாரித்தாலோ, உலுக்கியும் எழாவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

தண்டனைக்குப் பயந்தே பலர் தயங்குகிறார்கள். உதவிக்கு அழைப்பவர்மீது நடவடிக்கை இல்லை என்று விடுதி நிர்வாகங்கள் எழுத்திலேயே அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
மாணவர் நல ஆலோசகர்கள்