அந்த ஹங்கேரியப் பெண் என்ன சொன்னாள்?

மதிப்பிற்குரிய நாடகக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் நீங்கள் மேடையேற்றிய 'சிகாகோ' இசை நாடகத்துக்கு அம்மாவை அழைத்து வந்திருந்தேன். மறுநாள், அதில் வரும் ஹங்கேரியப் பெண்ணைப் பற்றி உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நீங்களும் பதில் போட்டீர்கள், நன்றி. அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் இதைப் பொதுவில் எழுதுவது என்று முடிவு செய்தேன். இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வந்து சேரும். அம்மாவும் படிக்க வேண்டும் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பாட்டும் ஆட்டமும் நிறைந்த நாடகம், பார்த்தாலே போதும் என்றுதான் டிக்கெட் எடுத்தேன். சிறைக்குள் ஆறு பெண்கள் வரிசையாக நின்று, யாரை எப்படிக் கொன்றோம் என்று சொல்லும் அந்தப் பாட்டு வந்தது. ஐந்து பேர் ஆங்கிலத்தில் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் ஹங்கேரிய மொழியில் பேசினாள். அப்போது அம்மா என் முழங்கையைத் தொட்டு, "இந்தப் பொண்ணு நான் செய்யலன்னு சொல்றா, இல்ல?" என்று கேட்டார். "தெரியலம்மா" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பிற்பாதியில் அவளைத் தூக்கில் போடும் காட்சியை ஒரு கயிற்று வித்தை மாதிரி அறிவித்தீர்கள். அரங்கம் கை தட்டியது. அம்மா கைகளை மடியிலேயே வைத்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் பேச்சே இல்லை. பாதி வழியில், "அவ என்னதான் சொன்னா? யாரையாவது கேட்டுச் சொல்லேன்" என்றார்.

கேட்டேன். தன் கணவனை, வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவன் பிடித்துக்கொள்ள, தான் தலையை வெட்டியதாகச் சொல்கிறார்கள், அது பொய், தான் குற்றமற்றவள், காவல் நிலையத்தில் விளக்கப் பார்த்தும் யாருக்கும் புரியவில்லை என்கிறாளாம். அம்மா கேட்டது சரிதான்.

உங்களிடம் நான் கேட்டதும் கேட்பதும் ஒன்றுதான். அடுத்த மாதக் காட்சிகளுக்கான கையேட்டில் அவள் பேசுவதன் பொருளை அச்சிடுங்கள். அதன் கீழே, அந்தப் பாத்திரத்துக்கு மூலமாக இருந்த நிஜப் பெண்ணான சபெல்லா நிட்டியின் பெயரைப் போடுங்கள்.

"பார்வையாளர்களுக்குப் புரியாமல் போவதுதான் அந்தக் காட்சியின் நோக்கம்" என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். நீதிமன்றத்துக்குப் புரியாதது நமக்கும் புரியாமல் இருக்கட்டும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் திரை விழுந்த பிறகும் ஏன் புரியாமலே வீட்டுக்குப் போக வேண்டும்? மேடையில் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் போட்டால் போதும், போகிற வழியில் படித்துக்கொள்வார்கள்.

உங்கள் கையேட்டில் நாடகத்தின் வரலாறு இரண்டு முழுப் பக்கம் இருக்கிறது. 1924-இல் 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழில் வேலை பார்த்த மோரின் டல்லஸ் வாட்கின்ஸ், பியூலா ஆனன், பெல்வா கெர்ட்னர் என்ற இரண்டு பெண்களின் கொலை வழக்குகளைப் பற்றி எழுதியது. இரண்டு பேரும் அடுத்தடுத்து விடுதலையானது. 1926 டிசம்பரில் அது நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நாடகமானது. இயக்குநர் பாப் ஃபாஸியும் நடிகை க்வென் வெர்டனும் உரிமை கேட்டு நடையாய் நடந்தும் வாட்கின்ஸ் கொடுக்காதது. 1969-இல் அவர் இறந்த பிறகே உரிமை கிடைத்து, காண்டரும் எப்பும் பாட்டுகள் அமைக்க, 1975 ஜூன் 3 அன்று இசை நாடகமாக வந்தது. அப்போது 936 காட்சிகள். 1996-இல் மறுபடி மேடையேறி இன்னும் ஓடிக்கொண்டிருப்பது. எல்லாம் சரியாகவே இருக்கிறது, அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். வெர்டனுக்குத் தொண்டை அறுவை சிகிச்சை நடந்தபோது லைசா மினெல்லி வந்து நடித்ததற்குக்கூட இடம் இருந்திருக்கிறது.

அதே 1924 வசந்த காலத்தில், சிகாகோவின் அதே குக் கவுண்டி சிறையில், பியூலாவுக்கும் பெல்வாவுக்கும் முன்பிருந்தே அடைபட்டுக் கிடந்த சபெல்லா நிட்டிக்கு மட்டும் ஒரு வரி இல்லை. மேடையில் அந்தப் பாத்திரத்தை 'ஹன்யாக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'ஹன்யாக்' என்பது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்களை இளக்காரமாகக் கூப்பிட்ட சொல்.

சபெல்லா ஹங்கேரியர் இல்லை, இத்தாலியிலிருந்து வந்த ஏழைக் குடியானவப் பெண். பேசியது தென் இத்தாலியில் பாரி என்ற ஊர்ப் பக்கத்து வட்டார வழக்கு. 1922-இல் அவருடைய கணவர் காணாமல் போனார். அடுத்த ஆண்டு, சிகாகோவை ஒட்டிய பெர்வினில் ஒரு சாக்கடைக் குழியிலிருந்து அழுகிய உடல் ஒன்றை எடுத்து, அது அவர்தான் என்றார்கள். சபெல்லாவும், பண்ணையில் அவர்களோடு இருந்த ஒருவரும் சேர்ந்து கொன்றதாக வழக்கு. 1923 ஜூலையில் இருவருக்கும் தூக்கு. அந்தக் கவுண்டியில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட முதல் பெண் சபெல்லா. தீர்ப்பை வாசித்தபோது, தன்னைத் தூக்கில் போடப் போகிறார்கள் என்பது அவருக்குப் புரியவே இல்லை.

இந்த இடத்தை நான் தாண்ட முடியாமல் நிற்கிறேன். தன் சாவைப் பற்றி ஊரே பேசுகிறது, தனக்கு மட்டும் தெரியாமல் ஒரு பெண் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வேற்று நாட்டில் வங்கியிலோ மருத்துவமனையிலோ அம்மாவோடு நின்ற எவருக்கும் அந்தப் பார்வை தெரியும்.

பத்திரிகைகள் அவரை விலங்கோடு ஒப்பிட்டு எழுதின. அழகிகளை விடுதலை செய்து பழகிய ஊர் அது. ஜூரியில் எல்லாரும் ஆண்கள், சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் பெண்கள் ஜூரியில் உட்கார 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஹெலன் சிரீஸ் என்ற இளம் வழக்கறிஞர் வந்தார், அவரும் இத்தாலியக் குடும்பத்துப் பெண். மேல்முறையீட்டுக்கு உழைத்தார், சிறைக்குள்ளேயே சபெல்லாவுக்குத் தலை வாரி, நல்ல உடை கொடுத்து, கொஞ்சம் ஆங்கிலமும் சொல்லித்தரச் செய்தார். மாநில உச்ச நீதிமன்றம் 1924-இல் தீர்ப்பை ரத்து செய்தது. முதல் வழக்கறிஞர் வாதாடிய லட்சணத்தையும் அது சுட்டிக்காட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் வழக்கே கைவிடப்பட்டது. சட்டம் பேசியது ஒருபக்கம் சரி. ஒரு பெண்ணை மனுஷியாகப் பார்ப்பதற்கு அவள் தலைமுடியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் நூறு வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருகிறது. இன்றைக்கும் எத்தனை நீதிமன்றங்களில், எத்தனை அலுவலகங்களில், மொழி தெரியாதவர்களிடம் சத்தமாகப் பேசினால் போதும் என்று நினைக்கிறார்கள்!

மன்னிக்கவும், உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயத்திலிருந்து விலகிவிட்டேன். நீங்கள் கஷ்டப்பட்டு நாடகம் போடுகிறவர்கள். அந்தப் பெண்ணாக நடித்தவர் மிக நன்றாக நடித்தார், ஒரு சொல்லும் புரியாத அம்மாவுக்கு அவர் சொன்னது எட்டியதே. அவரிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

மேடையில் அவள் சாகிறாள். சபெல்லா சாகவில்லை, சிறையிலிருந்து நடந்து வெளியே வந்தார். இதையும் கையேட்டில் சேர்த்தால், அரங்கைவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

பொருளும் பெயரும், மொத்தமே எட்டு பத்து வரிதான் வரும். இடம் இல்லையென்றால் தனித் தாளாக அச்சடித்துச் செருகலாம், அந்தச் செலவை நான் ஏற்கிறேன். ஹங்கேரிய மொழி தெரிந்த ஒருவர் சரிபார்த்துத் தரவும் சம்மதித்திருக்கிறார். கையேடு அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு பதில் போடுங்கள். அம்மா ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
மாடி வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த ஒரு பார்வையாளர்